புதுப்பிப்பு: அக்கா மகளைக் கூட்டி வந்துவிட்டோம்

கையைக் கீறிக்கொள்ளும் அக்கா மகளை 'சிகிச்சையோடு படிப்பு' தரும் விடுதிப் பள்ளியில் சேர்த்ததை முன்பு எழுதியிருந்தேன். இப்போது கும்பகோணத்தில் எங்களோடு இருக்கிறாள்.

அங்கே வார்டன் பக்கத்தில் நின்றால்தான் போன். அழுதால் அதுவும் கட். இதற்குப் பெயர் சிகிச்சையாம்! 2017 மனநலச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழுள்ள பெண் பிள்ளையை மனநல நிலையத்தில் அனுமதித்தால் அம்மாவோ வேறொரு பெண் துணையோ கூடவே தங்க வேண்டும். கேட்டால், "நாங்க ஸ்கூல்தான் மேடம்" என்று நழுவினார்கள்.

இப்போது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் காட்டுகிறோம். தூக்கம் பரவாயில்லை. அக்காவிடம் இன்னும் முகம் கொடுப்பதில்லை, அதை யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம், ராத்திரியில் பயந்தால் கூப்பிட 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.