அந்த வயலில் குறையில்லை

தென் ஜெர்மனியில் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த காலம். ஆகஸ்ட் மாதம், கோதுமை அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது. எங்கள் மன்றத்து மூத்தவர் ஒருவர் அன்று மாலை திரும்பவில்லை. யாரும் பதறவில்லை. எஞ்சின் இல்லாத விமானம். எழுகாற்று அடங்கினால் ஏதாவது வயலில் இறங்க வேண்டியதுதான். டிரெய்லரோடு போய் இறக்கைகளைக் கழற்றி ஏற்றி வருவோம். அன்றும் அப்படித்தான் கிளம்பினோம். மண்பாதை முனையில் போலீஸ் வண்டி நின்றது.

மறுநாள், பிரவுன்ஷ்வைக்கில் இருக்கும் விமான விபத்து விசாரணை அமைப்பின் சார்பில் ஒருவர் வந்தார். பாகங்களை அடையாளம் காட்ட என்னையும் அழைத்தார்கள். முதலில் முகமூடியும் கையுறையும் கொடுத்தார். உடைந்த கார்பன் இழையின் தூள் பொல்லாதது. நாங்கள் சிதைவையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் தரையைப் பார்த்தபடி நடந்தார். இறக்கை நுனி கீறிய சிறு பள்ளம், சில அடி தள்ளி மூக்கு குத்திய குழி, அவ்வளவுதான். தாள் எங்கும் மடங்கவில்லை, சறுக்கிய தடமே இல்லை. "இது தரையிறங்கும்போது மோதியதல்ல, சுழன்று விழுந்தது" என்றார். பிறகு கட்டுப்பாட்டுத் தண்டுகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். எதுவும் முன்பே கழன்றிருக்கவில்லை.

மன்றத்தில் எல்லோரும் வயலைத்தான் குறை சொன்னார்கள். ஜிபிஎஸ் பதிவு வேறு கதை சொன்னது. 300 மீட்டர் உயரத்தில் அவர் அந்த வயலுக்கு நேர் மேலேதான் இருந்திருக்கிறார். அங்கே லேசாக எழுகாற்று தட்டியிருக்கிறது, வட்டமடிக்கத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் காற்று அவரைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. வயலுக்குத் திரும்ப முயன்றபோது உயரம் 80 மீட்டர். காற்று முதுகில் அடித்தால் தரை வேகமாக ஓடுவதுபோல் தெரியும். வேகம் போதும் என்று கண் ஏமாறும். இறக்கைக்குக் கிடைத்த காற்றோ குறைவு. திருப்பத்தில் ஓர் இறக்கை தூக்குவிசையை இழந்தது. அந்த உயரத்தில் சுழலிலிருந்து மீள இடமில்லை.

அறிக்கையில் யார் குற்றம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த விசாரணையின் வேலை அது அல்ல என்பது எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

*

இதைப் படித்த இன்னொரு கிளைடர் ஓட்டி நான், இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் எழுகாற்றைத் தேடாதே, இறங்கு என்றுதான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் 600 அடியில் சுற்றிப் பார்த்தவன். பார்த்துவைத்த வயல் கைவிட்டுப் போய், உருளைக்கிழங்குப் பாத்தியில் இறங்கினேன். சக்கரக் கதவு பிய்ந்தது. விவசாயி நசுங்கிய செடிகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் தேநீர் கொடுத்தார்.