10 டயரும் தரையில நிக்கல, பானெட் மூட மாட்டேங்குது: ட்ரக் கிட்டை புக்லெட் வரிசையில கட்டலாமா கூடாதா?

நீளமூக்கு25
1/25 ஸ்கேல்ல, அதாவது நிஜ வண்டியில 25ல ஒரு பங்கு அளவுல, பழைய மோல்டு பிளாஸ்டிக் மாடல் ட்ரக் கிட் ஒண்ணு, 3 ஆக்சில், 10 டயர், முன்னாடி நீளமா பானெட் வர்ற மாடல். ரெண்டு மாசமா இதுலயேதான் உட்கார்ந்திருக்கேன். கிட்டோட வந்த செய்முறை புக்லெட் சொன்ன மாதிரியே முதல்ல இன்ஜின், அப்புறம் சேஸிஸ், ஆக்சில், கேபின், கடைசியா ரேடியேட்டரும் பானெட்டும். எல்லாத்தையும் பெயின்ட் அடிச்சு ஒட்டி முடிச்சிட்டு பானெட்டை மாட்டுறேன், இடது பக்கம் அழகா படியுது, வலது பக்கம் கேபினுக்கும் பானெட்டுக்கும் நடுவுல ஒரு மில்லி பொளந்துகிட்டு நிக்குது. நான் வந்த முடிவு என்னன்னா கார் கிட்டை புக்லெட் வரிசையில கட்டலாம், ட்ரக்கை கட்டவே கூடாது. கார்ல பாடி பெரும்பாலும் ஒரே பீஸா வார்த்து வந்துடும், பழைய ட்ரக் கிட்ல கேபினே சுவர் சுவரா பிரிஞ்சு வருது, பின்சுவர், தரை, கூரை எல்லாம் நாமதான் சேர்க்கணும், அதுல எங்க அரை மில்லி தப்பினாலும் கடைசியில பானெட்லதான் வந்து நிக்கும். அதனால பெயின்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடியே மாஸ்கிங் டேப் போட்டு முழு வண்டியையும் ஒரு தடவை நிறுத்திப் பார்த்துடணும்.

படிவரிசை
இதை என்னால ஒத்துக்க முடியாது ப்ரோ. அந்த வரிசைக்குக் காரணம் இருக்கு. இன்ஜினை முதல்ல வைக்கச் சொல்றாங்கன்னா முன் ஆக்சிலும் க்ராஸ்மெம்பரும் (சேஸிஸோட ரெண்டு சட்டத்தையும் இணைக்கிற குறுக்குச் சட்டம்) போட்ட பிறகு கியர்பாக்ஸ் உள்ள இறங்காது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணு நிக்கிற மாதிரிதான் டிசைன். நானா வரிசையை மாத்திக் கட்டி சைலன்சர் பைப் கேபினுக்குப் பின்னாடி நுழையாம, ஒட்டுனதைப் பிச்செடுத்த அனுபவம் எனக்கு இருக்கு. உங்க பானெட் விஷயத்துல எனக்கு சந்தேகம் க்ரோம் மேலதான். ரேடியேட்டர் ஷெல் க்ரோம் பூசி வருதுல்ல, பின்னாடி இருக்கிற முளையிலயும் க்ரோம் இருக்கும், அதைச் சுரண்டலைன்னா முளை துளைக்குள்ள முழுசா இறங்காது. பிளாஸ்டிக் சிமென்டும் அதுல பிடிக்காது, ஏன்னா அது பாலிஸ்டைரீனைக் கரைச்சுதான் ஒட்டும், நடுவுல க்ரோம் இருந்தா கரைக்க ஒண்ணும் கிடைக்காது.

நீளமூக்கு25
முளை, துளை ரெண்டையும் ப்ளேடால சுரண்டிட்டுதான் ஒட்டினேன், வெள்ளை பிளாஸ்டிக் தெரியிற வரைக்கும். அது காரணம் இல்ல.

பட்டைஸ்ப்ரிங்
சண்டைக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை பண்ணுங்க தம்பி. ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து டேபிள்ல வச்சு அது மேல வண்டியை நிறுத்துங்க. கேபினைப் பார்க்காதீங்க, ஒவ்வொரு டயர் அடியிலயும் பேப்பரைத் தள்ளிப் பாருங்க. 10ம் தரையைத் தொடுதா?

நீளமூக்கு25
அண்ணே, முன் வலது டயர் தொடல. சாதா A4 பேப்பரை எட்டா மடிச்சு தள்ளினேன், தாராளமா உள்ள போகுது. மத்த ஒன்பதும் இறுக்கமா உட்கார்ந்திருக்கு.

பட்டைஸ்ப்ரிங்
அந்தப் பேப்பர் ஒண்ணு 0.1 மில்லி சுமாருக்கு இருக்கும், எட்டு அடுக்குன்னா 0.8. 1/25ல அது நிஜ வண்டிக்கு 2 சென்டிமீட்டர். உங்க சேஸிஸ் முறுக்கிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. முன்பக்கம் வலது தூக்கிகிட்டதால அதோட சேர்ந்து ரேடியேட்டரும் சாயுது, ரேடியேட்டரைப் பிடிச்சு நிக்கிற பானெட்டும் சாயுது, கேபின் மட்டும் நடுச் சட்டத்துல நேரா நிக்குது, அதான் வலது பக்கம் இடைவெளி. சேஸிஸ் ரெண்டு சட்டமும் C வடிவம், ஒரு பக்கம் திறந்தது, வளைக்கப் பார்த்தா வளையாது ஆனா முறுக்கினா லேசா முறுக்கிக்கும். நிஜ ட்ரக்லயும் அப்படித்தான், மேடு பள்ளத்துல சேஸிஸ் முறுக்கிக் கொடுக்கும், பட்டை ஸ்ப்ரிங்கும் அசைஞ்சு எல்லா டயரையும் தரையில வச்சிடும். நம்ம கிட்ல பட்டையும் ஆக்சிலும் ஒட்டி இறுகிடுது, அசையிறதுக்கு ஒண்ணுமே இல்லாததால சட்டத்துல இருக்கிற முறுக்கு அப்படியே டயர்ல வந்து தெரியுது.

படிவரிசை
அப்போ நான் சொன்னது சரிதானே, வரிசைல தப்பு இல்ல. சேஸிஸை தட்டையான இடத்துல வச்சு காய விடாததுதான் தப்பு. எத்தனை மணி நேரம் விட்டீங்க?

நீளமூக்கு25
க்ராஸ்மெம்பர் ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மணி நேரம். தொட்டா கெட்டியா இருந்துச்சு, உடனே ஆக்சிலுக்குப் போயிட்டேன்.

படிவரிசை
வெளியில கெட்டியாயிடும், உள்ள கரைஞ்ச பிளாஸ்டிக் ஒரு நாள் முழுக்க அசைஞ்சுகிட்டே இருக்கும். ரப்பர் பேண்ட் வேற ஒரு மூலையை இழுத்திருக்கும். 24 மணி நேரம், கண்ணாடி மேல, மேல கனம் வச்சு. இதைச் செஞ்சிருந்தா புக்லெட் வரிசையிலயே பானெட் மூடியிருக்கும், இப்ப புக்லெட் மேல பழி போடுறீங்க.

நீளமூக்கு25
காயவிடாதது என் தப்பு, அதுல பேச்சே இல்ல. ஆனா அந்தத் தப்பு எனக்கு எப்ப தெரிஞ்சுது? கடைசி ஸ்டெப்ல, ரெண்டு கோட் பெயின்ட்டும் டீக்கல் ஸ்டிக்கரும் முடிஞ்ச பிறகு. அன்னிக்கே 10 டயரையும் சும்மா சொருகி, கேபினையும் பானெட்டையும் டேப்ல நிறுத்தியிருந்தா அரை மணி நேரத்துல கண்ணுல பட்டிருக்கும், பசை இளக்கமா இருக்கும்போதே சட்டத்தைத் திருப்பி நேர் பண்ணியிருப்பேன். புக்லெட்ல ஒரு இடத்துலகூட இங்க நிறுத்து, பொருத்திப் பாருன்னு போடல. நான் வரிசைன்னு சொல்றது அதைத்தான், ஒட்டுற வரிசை வேற, சரிபார்க்குற வரிசை வேற.

படிவரிசை
இப்படிச் சொன்னா பாதி ஒத்துக்கிறேன். டேப் போட்டுப் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா புதுசா ட்ரக் கட்டுறவங்க இதைப் படிச்சிட்டு புக்லெட்டைத் தூக்கிப் போட்டா 20வது ஸ்டெப்ல கியர்பாக்ஸைக் கையில வச்சுகிட்டு நிப்பாங்க. கட்டவே கூடாதுன்னு நீங்க எழுதுனதுல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல.

பட்டைஸ்ப்ரிங்
முறுக்கை எடுக்க நான் சுடு தண்ணிதான் சொல்வேன். சட்டத்தை முக்கி எடுத்து எதிர்ப் பக்கமா லேசா முறுக்கிப் பிடிச்சு அப்படியே பச்சைத் தண்ணில விட்டா நின்னுக்கும்.

படிவரிசை
அண்ணே அது ஸ்ப்ரூல (பாகங்கள் ஒட்டி வர்ற பிளாஸ்டிக் ஃப்ரேம்) இருந்து வெட்டுன வெறும் சட்டத்துக்கு சரி. பாலிஸ்டைரீன் 100 டிகிரிகிட்டதான் நல்லா இளகும், அந்தச் சூட்டுக்கிட்ட போனா மெல்லிசா இருக்கிற பட்டை முதல்ல கோணும், சட்டம் அப்புறம்தான். இவர் ஆக்சில், இன்ஜின் எல்லாம் ஒட்டிட்டாரு. முறுக்கு எந்தக் க்ராஸ்மெம்பர்ல பிடிச்சிருக்குன்னு பார்த்து அந்த ஒட்டை மட்டும் ரேஸர் சாவால, அதான் மெல்லிசு ரம்பத்தால, அறுத்து, கண்ணாடி மேல வச்சு திரும்ப ஒட்டணும்.

பட்டைஸ்ப்ரிங்
ஆமா, ஆக்சில் போட்டுட்டாருங்கிறதை யோசிக்கல. அறுக்குறதுதான் சரி. தம்பி, இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கிறதுல இருந்து ஆரம்பிங்க. இன்னொண்ணு, வேலை முடியிற வரைக்கும் டயரைக் கழட்டித் தனியா கவர்ல போட்டு வைங்க, கேபின் கண்ணாடியோட ஒரே டப்பாவுல போடாதீங்க. பழைய கிட்ல டயர் மெத்து வினைல், அதுல இருக்கிற எண்ணெய் மாதிரிப் பொருள் கசிஞ்சு பிளாஸ்டிக்கைத் தின்னுடும். வருஷக்கணக்கா மூடி வச்ச ஒரு டப்பாவைத் திறந்தப்போ முன் கண்ணாடியில டயரோட பட்டன் அச்சு அப்படியே பதிஞ்சு கிடந்துச்சு, எவ்வளவு தேய்ச்சும் போகல.

நீளமூக்கு25
டயர் எல்லாம் கழட்டிட்டேன் அண்ணே. க்ராஸ்மெம்பரை ஒவ்வொண்ணா விரலால அழுத்திப் பார்த்தேன், இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கிறதுல இடது ஒட்டு மட்டும் பாதிதான் படிஞ்சிருக்கு, சட்டத்துக்கும் அதுக்கும் நடுவுல முடி அளவு வெளிச்சம் தெரியுது. அதை மட்டும் அறுக்கப் போறேன். படிவரிசை ப்ரோ, இந்தத் தடவை 24 மணி நேரம் விட்டுட்டு டயரைச் சும்மா சொருகி, அதே மடிச்ச பேப்பரை ஒவ்வொரு டயர் அடியிலயும் தள்ளிப் பார்த்துட்டு வந்து எழுதுறேன். அதுக்குள்ள ரேடியேட்டர் முளையையும் அறுத்துடவான்னு மட்டும் சொல்லுங்க.

படிவரிசை
அதைத் தொடாதீங்க. சட்டம் நேரானா ரேடியேட்டர் தானா நேராகும்.