கேம் செய்யிற கோடோ மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்குது, என்ன செய்ய?

குழிமுத்து:
ஆச்சி புளியங்கொட்டை வெச்சு ஆடுற பல்லாங்குழியை கோடோ 3.5-ல் செஞ்சுட்டிருக்கேன். 14 குழி, காய் போடுறது, அள்ளுறது எல்லாம் ஓடுது. ஆனா கடைசியில் "வென்றாய்"னு வர்ற இடத்தில் கொம்பு 'வ'வுக்குப் பின்னால் நிற்குது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு போட்டும் அதே கதைதான்.

ராக்கோழி:
எழுத்துரு மேல தப்பில்ல தம்பி. யூனிகோடில் கொம்பு மெய்க்கு அப்புறம்தான் வரும். அதை முன்னால் தள்ளிக் காட்டுற வேலையை கோடோ 3 செய்யாது. 2023 மார்ச்சில் வந்த 4.0-ல் அதுக்கு ஹார்ஃப்பஸ்னு எழுத்தைக் கோத்துக் காட்டுற நிரல் இருக்கு. மாறிடுங்க. உங்க கோடில் காத்திருக்கச் சொல்ற 'ஈல்ட்' போட்ட இடமெல்லாம் 'அவெய்ட்' ஆக்கணும், அதுதான் தலைவலி.

குழிமுத்து:
மாத்திட்டேன், சனி ஞாயிறு காலி. லேப்டாப்பில் பளிச்சுன்னு வருது. வெப்புக்கு ஏத்தி தங்கச்சி போனில் திறந்தா வெறும் கட்டம் கட்டமா இருக்கு!

ராக்கோழி:
ஆட்டத்தோட தோற்றத்தை அமைக்கிற தீமில் எழுத்துருப் பெட்டி காலியா விட்டுப்போயிருக்கும். லேப்டாப்பில் சிஸ்டம் எழுத்துருவைக் கடன் வாங்கிக் காட்டிடும், பிரவுசரில் அந்தக் கடன் கிடைக்காது.

கடலைமிட்டாய்:
பின்னால விக்கிற யோசனை இருந்தாலும் பயப்படாதீங்க. கோடோவுக்கு எம்ஐடி உரிமம், பங்கு கேட்க ஆள் வராது. உரிம வரிகளை மட்டும் ஆட்டத்துக்குள்ள எங்காவது சேர்த்துடுங்க.

குழிமுத்து:
ஆமா ராக்கோழி அண்ணே, அந்த எழுத்துருப் பெட்டி காலியாத்தான் கிடந்தது! இப்ப சரியாயிடுச்சு. ஆச்சி ஒரு ஆட்டம் ஆடிட்டு, "காய் விழுற சத்தம் எங்கடா?"ங்கிறாங்க. புளியங்கொட்டைச் சத்தத்தைப் பதிவு பண்ண நல்ல மைக் ஏதாவது சொல்லுங்க.