ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கறுப்பு: ஆசிடா, மாத்திரையா?

மெடிக்கல் ஷாப், மார்த்தாண்டம்:
ரப்பர் பால் வெட்டுகிற 45 வயதுக்காரர். கீழுதட்டிலும் வலது மணிக்கட்டிலும் நாணய அளவுக்கு வட்டமாகக் கறுத்திருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு ஒஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரை போட்டால் அன்றே அதே வட்டம் சிவந்து எரியுமாம். இது மூன்றாவது தடவை. பால் உறைய ஊற்றும் ஆசிட் பட்டதுதான் என்று சாதிக்கிறார். எந்த மருந்தை விலக்கச் சொல்வது?

தோல் மருத்துவர், நாகர்கோவில்:
ஆசிட் புண் பட்ட இடத்தில்தான் வரும்; தடவைக்குத் தடவை உதட்டையும் மணிக்கட்டையும் தேடிப் போகாது. மருந்து ஒவ்வாமையில் 'ஒரே இடத்துத் தடிப்பு' என்ற வகை இது. முதல் தடவை வந்தபோது அங்கே தங்கிப்போன சி.டி.8 என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் மருந்தைக் கண்டதும் விழித்துக்கொள்கின்றன. அதனால்தான் அரை மணியிலிருந்து எட்டு மணிக்குள் எரிச்சல் தொடங்குகிறது. உதடு, கை, பிறப்புறுப்பு இதற்குப் பிடித்த இடங்கள். பிறப்புறுப்பில் வந்தால் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், கேளுங்கள்.

இரண்டில் எது காரணம் என்று தெரியும்வரை இரண்டையும் விலக்குங்கள். ஆர்னிடசோல் ஆகாதென்றால் மெட்ரோனிடசோல், டினிடசோலும் ஆகாமல் போகலாம், குடும்பம் ஒன்று. 'ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்' என்று வீட்டில் சோதிக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வட்டம் பெருகும், கொப்புளமும் கிளம்பும்.

மணிக்கட்டுக்கு மோமெட்டசோன் 0.1% கிரீம், தினம் ஒரு வேளை, ஒரு வாரம். உதட்டுக்கு வாசலின். கறுப்பு மங்க மாதக்கணக்காகும். நிறமி அடித்தோலுக்கு இறங்கிவிட்டதால் வெளுப்பாக்கும் கிரீம் காசுக்குத்தான் கேடு.

மெடிக்கல் ஷாப், மார்த்தாண்டம்:
நன்றி டாக்டர். அடுத்து வயிற்றுப்போக்கு வந்தால்?

மருந்தாளுநர், தக்கலை:
ரத்தமோ காய்ச்சலோ இல்லாத தண்ணிப்போக்குக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம் அண்ணாச்சி. ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கலக்கச் சொல்லுங்கள். பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று கலந்தால் உப்பு ஏறிவிடும்.

பிராண்ட் பெயர் கடைக்குக் கடை மாறும். மூலப்பெயரையே சீட்டில் எழுதிக்கொடுங்கள், அவர் பர்ஸில் இருக்கட்டும். மாத்திரை அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். பக்கவிளைவைப் பதிய 1800-180-3024, கட்டணம் கிடையாது.

ஸ்டாஃப் நர்ஸ், குளச்சல்:
ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு கண் சிவந்து, வாய் புண்ணாகி, தொட்டாலே தோல் வலித்தால் அது வேறு கதை. வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட்டுக்கு அலோபியூரினால் தொடங்கி 4 முதல் 28 நாளுக்குள் இப்படி வந்தால் அடுத்த வேளையைப் போடாமல், மாத்திரை அட்டையோடு அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்.