சரக்குக் கப்பலில் உல்லாசப் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உப்புவெளியான்:
உல்லாசக் கப்பல் திருகோணமலைக்கு வந்தால் கோணேசர் மலையில் நின்று வேடிக்கை பார்ப்பவன் நான். ஆனால் அந்த மிதக்கும் அடுக்குமாடிகளில் ஏற ஆசையில்லை. நிலாவெளிக் கடல் இருக்க நீச்சல் குளம் எதற்கு? மனம் போவது ‘அரானுய் 5’ என்ற சரக்குக் கப்பல் மீதுதான். முன்பக்கம் பாரந்தூக்கிகளும் சரக்கும், பின்பக்கம் பயணிகள். பசிபிக் கடலில், பிரெஞ்சுப் பொலினீசியாவைச் சேர்ந்த தாகித்தித் தீவின் பப்பேத்தேயிலிருந்து மார்க்கேசாத் தீவுகளுக்குப் பொருட்களைக் கொண்டுபோய், கொப்பரா ஏற்றித் திரும்புகிறது. பன்னிரண்டு நாள் பயணம். கொப்பரா மணத்தோடு சொகுசு! இதுபோல் வேறு கப்பல் உண்டா?

மூதூர்க்காரி:
அண்ணா, நோர்வேயின் ஹூர்டிகுருட்டன் இருக்கிறது. 1893 முதல் ஓடும் கரையோரச் சேவை. பேர்கனிலிருந்து கிர்கெனஸ் வரை 34 துறைகள். முழுப் பயணமும் கட்டாயமில்லை, இரண்டு துறைகளுக்கு இடையே மட்டும் டிக்கெட் எடுக்கலாம். நள்ளிரவிலும் சரக்கு இறக்குவார்கள், தூக்கம் கெடும்.

கொட்டியாரம்:
விசாவையும் பாருங்கள். நோர்வேக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும். தாகித்திக்கு அது செல்லாது, பிரெஞ்சுப் பொலினீசியாவுக்கெனத் தனியாக எடுக்க வேண்டும். காசு கொட்டிக் கிடந்தால் ‘தி வேர்ல்ட்’ கப்பலில் வீடே வாங்கலாம். 2002 முதல் உலகைச் சுற்றுகிறது, 165 வீடுகள், எங்கே போவதென்று குடியிருப்போரே தீர்மானிக்கிறார்கள்.

உப்புவெளியான்:
வீட்டுச் சொந்தக்காரர்களின் கூட்டத்தில் உட்கார்ந்து வாக்களிக்கவா கடலுக்குப் போவது? வேண்டாம் ஐயா. தங்கச்சி, அந்த நோர்வேக் கப்பலில் குளிர்காலக் கட்டணம் குறைவா?

மூதூர்க்காரி:
பெரும்பாலும் குறைவுதான். ஆனால் வடக்கே டிசம்பரில் சூரியன் உதிக்கவே உதிக்காது, யோசித்துக்கொள்ளுங்கள்.