பிஐஎஸ் சாம்பிளில் பாஸ்பரஸ் கூடிவிட்டது, ஸ்டாப் மார்க்கிங் கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்வது?

ரோலிங்மில்_க்யூசி:

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு சின்ன ரோலிங் மில்லில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன், சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எங்களிடம் இரும்பை உருக்கும் உலை கிடையாது, வெளியில் பில்லெட் (வார்த்த நீளமான இரும்புக் கட்டை) வாங்கி, கட்டடத்துக்குப் போடும் டிஎம்டி கம்பி ஓட்டுகிறோம். போன மாதம் பிஐஎஸ் (ஐஎஸ்ஐ முத்திரை தருகிற இந்திய தர நிர்ணய அமைவனம்) அதிகாரி வந்து 12 மி.மீ. 500டி கிரேடு கம்பியில் சாம்பிள் எடுத்துப் போனார். ஈல்டு, எலாங்கேஷன், பெண்டு (வலிமை, நீட்சி, வளைவுச் சோதனைகள்) எல்லாம் தேறிவிட்டது. பாஸ்பரஸ் மட்டும் 0.047 சதவீதம். எங்கள் ஸ்பெக்ட்ரோவில் (இரும்பில் பொறி அடித்து, எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மெஷின்) அன்றைக்கு 0.039 காட்டியது, பில்லெட்டோடு வந்த டெஸ்ட் சர்டிபிகேட்டில் 0.036. மூன்று இடத்தில் மூன்று எண்.

இப்போது ஐஎஸ்ஐ முத்திரை போடுவதை நிறுத்தச் சொல்லி ஸ்டாப் மார்க்கிங் கடிதம் வந்துவிட்டது. முதலாளி, "பிரச்சினை முடியிற வரைக்கும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் ஓட்டுவோம், கையில் இருக்கிற சரக்குக்கு டேக்கை 500 என்று மாற்றிவிடு, 500க்கு 0.055 வரை போகலாமே" என்கிறார். கணக்குப்படி அவர் சொல்வது சரி மாதிரிதான் தெரிகிறது, ஆனால் கையெழுத்துப் போடப்போவது நான். அனுபவம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

பழைய_ஆய்வகம்:

தம்பி, முதலில் முத்திரை இல்லாமல் ஓட்டுகிற யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். டிஎம்டி கட்டாயச் சான்றிதழ் பட்டியலில் இருக்கிற சரக்கு, முத்திரை இல்லாமல் விற்பதே குற்றம். 2016 பிஐஎஸ் சட்டத்தில் 17ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, 29ஆம் பிரிவில் தண்டனை: இரண்டு வருடம் வரை சிறை, அல்லது முதல் தடவைக்கு 2 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அது சரக்கு மதிப்பில் பத்து மடங்கு வரை போகலாம், இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். அதாவது ஸ்டாப் மார்க்கிங் என்றால் முத்திரையை மட்டும் நிறுத்துவது இல்லை, விற்பனையையே நிறுத்துவது. நிறைய மில்காரர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

டேக் மாற்றுவது அதைவிட மோசம். உங்கள் கடைசி ஸ்டாண்டு ரோலில் (கம்பியை அழுத்தி உருட்டும் கடைசி உருளையில்) 500டி என்று வெட்டியிருப்பீர்களே, கம்பி மேலேயே அந்த எழுத்து புடைத்து நிற்கும், டேக்கில் மட்டும் 500 என்று இருந்தால் யாரை ஏமாற்ற முடியும்? இனிமேல் ஓட்டுகிற சரக்கை 500 என்று ஓட்டலாமா என்பது வேறு கேள்வி. லைசென்ஸில் 500 கிரேடு சேர்ந்திருக்கிறதா, கடிதத்தில் எந்த கிரேடு, எந்த அளவை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று வரி வரியாகப் படித்துப் பார்த்த பிறகுதான் அதற்குப் பதில்.

அப்புறம் அந்த 0.047. இந்தக் கம்பிக்கான தரவிதி ஐஎஸ் 1786ல் 500டிக்கு பாஸ்பரஸ் 0.040 வரைதான், ஆனால் கம்பியில் எடுத்துச் சோதித்தால் 0.005 கூடுதலாக விடுவார்கள். ஆக 0.045 வரை தப்பித்திருப்பீர்கள். இரண்டு புள்ளியில் போயிருக்கிறது.

கம்பி_கடை:

இதற்கெல்லாம் இவ்வளவு யோசனையா. ரிஜிஸ்டரில் ஹீட் நம்பரை (உலையில் ஒரு தடவை உருக்கியது ஒரு ஹீட்) மாற்றி எழுதிவிட்டு புது சாம்பிள் கொடுங்கள், நல்ல பில்லெட்டில் ஓட்டிக் கொடுத்தால் பாஸ் ஆகிவிடும். எல்லாரும் செய்வதுதான்.

சூளைக்காரன்:

மேலே சொன்ன யோசனையைக் கேட்டுவிடாதீர்கள். மாட்டினால் கடைக்காரருக்கு ஒன்றும் ஆகாது, கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் மின்சாரத்தில் இரும்பை உருக்கும் இண்டக்ஷன் உலையில் 14 வருடம் இருந்தவன். நம் உலைகளில் பெரும்பாலும் சிலிக்கா லைனிங் (உள்பூச்சு), அதில் சுண்ணாம்புக் கசடு வைத்து பாஸ்பரஸை இறக்க முடியாது, லைனிங்கையே தின்றுவிடும். உள்ளே என்ன போட்டோமோ அதுதான் வெளியே வரும். ஷீட் கட்டிங், பஞ்சிங் மாதிரி சுத்தமான ஸ்கிராப் போட்டால் பாஸ்பரஸ் குறைவு, விலை ஜாஸ்தி. வார்ப்பிரும்பு போரிங் (கடைசல் துருவல்) கொஞ்சம் தாராளமாக விழுந்தால் எகிறிவிடும், ஸ்பான்ஜ் அயர்னில் (தாதுவை உருக்காமல் எடுக்கும் இரும்பு) தாதுவைப் பொறுத்து ஏறும் இறங்கும். ஒரே உலையில் காலை ஹீட்டும் மாலை ஹீட்டும் ஒன்றாக இருக்காது.

உங்கள் மூன்று எண்ணுக்கு வருவோம். சர்டிபிகேட்டில் இருப்பது லேடில் சாம்பிள், அதாவது வார்க்கும் முன் உருகிய இரும்பில் எடுத்தது. நீங்கள் ஸ்பெக்ட்ரோவில் ஸ்பார்க் அடித்தது பில்லெட்டின் ஓரத்திலா, நடுவிலா? பாஸ்பரஸ் நடுவில் போய்ச் சேரும், ஓரத்தில் அடித்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். ஆனால் 0.036க்கும் 0.047க்கும் இருக்கிற இடைவெளி அதனால் மட்டும் வந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கம்பி நீங்கள் நினைக்கிற ஹீட்டே இல்லை என்பது என் சந்தேகம். யார்டில் போய் ஒவ்வொரு பில்லெட்டின் முனையிலும் பெயிண்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரோலிங்மில்_க்யூசி:

சூளைக்காரன் அண்ணே, நீங்கள் சொன்னதுதான். இன்றைக்குக் காலையில் யார்டைப் பிரித்துப் பார்த்தோம். அந்த லாட்டில் மீதி இருந்ததில் 22 பில்லெட்டில் நம்பரே இல்லை. கிரேன் ஆபரேட்டரைக் கேட்டால், மழைக்குத் தண்ணீர் தேங்கியதால் இரண்டு அடுக்கைத் தூக்கி ஒரே இடத்தில் போட்டதாகச் சொல்கிறார். நம்பர் இல்லாததில் நாலு பில்லெட்டைக் குறுக்கே வெட்டி நடுவில் ஸ்பார்க் அடித்தேன்: 0.046, 0.049, 0.038, 0.048. இரண்டு ஹீட் கலந்திருக்கிறது. ஸ்பெக்ட்ரோவையும் தர மாதிரி வைத்துச் சரிபார்த்தேன், மெஷினில் தப்பு இல்லை. இதுவரை நான் ஓரத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தேன், அது என் தப்பு.

பழைய_ஆய்வகம்:

நல்லது. அந்த 22ஐயும் தனியாக அடுக்கிச் சிவப்பு பெயிண்ட் அடித்து வையுங்கள், 100 மி.மீ. சதுரம், 6 மீட்டர் என்றால் 10 டன்னுக்கு மேல் வரும், முதலாளிக்கு வலிக்கும். ஐஎஸ் 1786லேயே அடையாளம் தெரிந்த ஹீட்டில் இருந்துதான் உருட்ட வேண்டும் என்று இருக்கிறது, அதனால் நம்பர் இல்லாததை 500 கிரேடு என்றும் ஓட்ட முடியாது. சப்ளையரிடம் திருப்பி அனுப்பப் பாருங்கள்.

பிஐஎஸ்ஸுக்கு எழுதும்போது "இனி கவனமாக இருப்போம்" என்று எழுதாதீர்கள். யார்டில் நடந்ததை அப்படியே எழுதுங்கள், மழை, கிரேன் எல்லாம். இனி பில்லெட் இறங்கும்போதே ஹீட்டுக்கு ஒன்று குறுக்கே வெட்டிப் பார்ப்போம், நம்பர் இல்லாதது பில்லெட்டைச் சூடாக்கும் ரீஹீட்டிங் ஃபர்னஸ் பக்கம் போகாது என்று எழுதி, யார் பொறுப்பு என்றும் போடுங்கள். அதன்படி ஓட்டி, சொந்த ஆய்வகத்தில் தேறிய பிறகு சாம்பிள் எடுக்கக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, ஏற்கெனவே விற்றுப்போன சரக்கு எந்தக் கடைக்கு, எந்த பில்லில் போனது என்று எடுத்து வையுங்கள். திரும்பப் பெறச் சொல்ல அவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு பில்லெட்டுக்கு 40 கம்பிக்கு மேல் வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரோலிங்மில்_க்யூசி:

பில் புத்தகத்தை எடுக்கச் சொன்னதற்கே முதலாளி முகம் சுண்டிவிட்டது. டேக் மாற்றுகிற பேச்சு மட்டும் நின்றிருக்கிறது. கடிதம் எழுதிவிட்டு இங்கே வந்து சொல்கிறேன்.