ஆனி மூட்டத்தில் எடுத்த முட்டம் படங்களும் ஸ்ப்ளிட் டோனிங்கும்

போன ஆனியில் கேமராவோடு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான முட்டம் போயிருந்தேன். மழைக்காலம், வானம் முழுக்க மூட்டம், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கிற பாறைகளுக்கு நிழலே இல்லை. வள்ளத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார், அவரிடம் கேட்டுவிட்டு நிறைய எடுத்தேன். வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையாக்கினால் அவர் கை, வலை, மணல் எல்லாம் ஒரே சாம்பலாக ஒட்டிக் கிடக்கிறது.

சரி, நிறம் ஏற்றினால் உயிர் வரும் என்று லைட்ரூமில் (படம் திருத்தும் மென்பொருள்) ஹைலைட்டுக்கு, அதாவது வெளிச்சப் பகுதிக்கு, ஆரஞ்சு, ஷேடோவுக்கு, அதாவது இருட்டுப் பகுதிக்கு, நீலம், இரண்டுக்கும் சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) 40 வைத்தேன். இப்படி இரண்டுக்கும் வேறு வேறு நிறம் ஏற்றுவதுதான் ஸ்ப்ளிட் டோனிங். (லைட்ரூமின் பழைய ஸ்ப்ளிட் டோனிங் பகுதிதான் 2020 அக்டோபரில் கலர் கிரேடிங் ஆனது, நடுத்தர டோனுக்கும் நிறம் தேர்வு செய்யும் ஒரு சக்கரம் சேர்ந்தது.) படம் கலங்கின குளத்துத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

தக்கலையில் ஸ்டுடியோ வைத்திருந்த எங்கள் சித்தப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல கறுப்பு எங்க இருக்கு, காட்டு மக்கா" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. அப்புறம்தான் பிலிம் காலத்து டார்க்ரூமில் (பிரிண்ட் போடும் இருட்டறை) இது எப்படி நடக்கும் என்று சொன்னார். பிரிண்டை முதலில் செலினியம் கரைசலில் கொஞ்ச நேரம் போட்டால் வெள்ளி அடர்த்தியாக இருக்கிற இருட்டுப் பகுதியை அது முதலில் பிடிக்கும், அடுத்து ப்ளீச்சில் போட்டால் வெளிச்சப் பகுதிதான் முதலில் வெளுக்கும், அதை சல்பைடு செபியாவில் போட்டதும் அங்கே மட்டும் பழுப்பு ஏறும். அந்த சல்பைடின் அழுகின முட்டை நாற்றம் சட்டையில் இரண்டு நாள் நிற்குமாம். இருட்டும் வெளிச்சமும் பிரிந்திருந்தால்தான் ரசாயனமே பிரித்துப் பிடிக்கும், எல்லாம் நடுச் சாம்பலாக இருந்தால் எது எங்கே போகும்?

லைட்ரூமிலும் அதேதான் கதை. நடுச் சாம்பலில் இரண்டு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது, ஆரஞ்சும் நீலமும் எதிரெதிர் நிறங்கள் என்பதால் ஒன்றை ஒன்று தின்றுவிடுகின்றன.

அதனால் நிறத்தை எல்லாம் எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) நடுவில் குவிந்து கிடந்தது. ஈரக் கயிற்றின் மடிப்புக்குள் உண்மையான கறுப்பு வருகிற வரை பிளாக்ஸைக் குறைத்து, அலை நுரையில் வெள்ளை வருகிற வரை வொயிட்ஸை ஏற்றி, டோன் கர்வில் லேசாக ஒரு எஸ் வளைவு, இருட்டை இன்னும் இருட்டாக்கி வெளிச்சத்தை ஏற்றுகிற மாதிரி. பிரஷ்ஷால் அவர் விரல்களை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். வலையின் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன, சுண்டு விரல் நகத்தில் ஒட்டியிருந்த மணல்கூடத் தெரிந்தது. அதற்கப்புறம் ஹைலைட்டுக்கு ஹ்யூ (எந்த நிறம் என்பதற்கான எண்) 45, சாச்சுரேஷன் 8, ஷேடோவுக்கு ஹ்யூ 220, சாச்சுரேஷன் 10. ஹ்யூவை நகர்த்தும்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் நிறம் முழு அடர்த்தியில் தெரியும், எது எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு விடலாம். எந்த நிறம் அதிக இடம் பிடிக்கணும் என்று சொல்கிற பேலன்ஸை ஷேடோ பக்கம் கொஞ்சம் தள்ளியபோதுதான் பாறைக்கு அந்த மழைக் குளிர்ச்சி வந்தது.

பிரிண்டில் ஒரு அடி வாங்கினேன். கொடுத்த இடத்தில் ஆட்டோ கரெக்‌ஷன் போட்டு என் நீலத்தைக் கலர் பிழை என்று சரிசெய்துவிட்டார்கள், கொஞ்சம் பச்சை அடித்தது. இப்போதெல்லாம் கரெக்‌ஷன் வேண்டாம் என்று கவரிலேயே எழுதிக் கொடுக்கிறேன், முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பார்க்கிறேன்.

எல்லாப் படத்துக்கும் கறுப்பு இறக்கணும் என்றும் இல்லை. மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பனியில் எடுத்தது ஒன்று இருக்கிறது. 115 அடி உயரத் தூண்கள் மேலே போகப் போகக் கரைகிற படம், அதில் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் பனியே போய்விடும். அதற்கு ஹைலைட்டில் மட்டும் சாச்சுரேஷன் 6 அளவுக்கு வெதுவெதுப்பான நிறம், ஷேடோவைத் தொடவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் பிடித்த படம்.

நம்ம மாவட்டத்தில் செலினியம், செபியா இரண்டையும் கையால் செய்தவர்கள் யாராவது இருந்தால் எந்தப் பேப்பரில், எத்தனை நிமிடம் போட்டீர்கள் என்று எழுதுங்கள். சித்தப்பாவின் டிரேக்கள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.